நாடற்றோருக்கான இரு உடன்படிக்கைகள்: 1954, 1961

நாடற்றோர் குறித்து ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் உருவான இரண்டு உடன்படிக்கைகளையும் பலர் ஒன்றெனவே எண்ணுகின்றனர். ஆனால் அவற்றின் நோக்கங்கள் வேறு. 1954ஆம் ஆண்டின் உடன்படிக்கை, எந்த நாடும் தன் சட்டப்படி குடிமகனாகக் கருதாத ஒருவரே நாடற்றவர் என வரையறுத்து, அவருக்கு அடையாள ஆவணம், பயண ஆவணம், தொடக்கக் கல்வி, நீதிமன்றத்தை நாடும் உரிமை ஆகியவற்றை உறுதிசெய்கிறது. குடியுரிமை வழங்கும் நடைமுறையை இயன்றவரை எளிதாக்கும்படி அது நாடுகளைக் கேட்டுக்கொள்கிறதே அன்றி, வழங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

1961ஆம் ஆண்டின் உடன்படிக்கையோ நோயை அதன் வேரிலேயே தடுக்க முயல்கிறது. தன் மண்ணில் பிறந்து, வேறு குடியுரிமை கிட்டாத குழந்தைக்கு அந்நாடே குடியுரிமை அளிக்க வேண்டும் என்றும், இனம், மதம், அரசியல் காரணங்களுக்காக எவரது குடியுரிமையையும் பறிக்கக்கூடாது என்றும் அது விதிக்கிறது. மோசடியாகப் பெற்ற குடியுரிமையைப் பறிக்க அதில் இடமுண்டு. வேறு சில விலக்குகளும் உள்ளன. அரசுகள் இதற்குத் தயங்கியதில் வியப்பில்லை: ஆறே நாடுகளின் ஏற்பு போதுமென்றிருந்தும், 1975இல்தான் நடைமுறைக்கு வந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான இலங்கையின் மலையகத் தமிழர்களுக்கு எது பயன்பட்டிருக்கும் என்று கேட்டால், இரண்டாவதையே நான் சொல்வேன். இலங்கையும் இந்தியாவும் இரண்டிலும் இணையவில்லை. அவர்களின் நிலை இரு நாட்டுப் பிரதமர்களும் 1964ஆம் ஆண்டில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முதல், அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை இழுபட்டது.