குடும்ப விசாவும் இரண்டு டைப்பிங் சென்டர்களும்

மனைவியை விசிட் விசாவில் துபாய்க்குக் கூட்டிவந்து, இங்கே இருந்தபடியே ரெசிடென்ஸ் விசாவுக்கு மாற்றிய கதை இது. அதற்காக இரண்டு டைப்பிங் சென்டர்களின் படி ஏறினேன். முதல் கடைக்கு ஐந்துக்கு ஒரு ஸ்டார். அந்த ஒன்றும் ஏசி நன்றாக இருந்ததற்காக. இரண்டாவது கடைக்கு நாலு. இரண்டின் பெயரையும் போடப்போவதில்லை. பயமெல்லாம் இல்லை, இந்தத் தொழிலில் போர்டைப் பார்த்துப் போவதில் அர்த்தமே கிடையாது, கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள் விடுமுறையில் ஊருக்குப் போய்விட்டால் அதே கடை வேறு கடையாகிவிடும்.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அரசாங்க விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்த காலத்தில் முளைத்தவை இந்தக் கடைகள், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போகிறது. விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, போட்டோகாப்பி, சில கடைகளில் விமான டிக்கெட் வரை எல்லாமே கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். உள்ளே பெரும்பாலும் நம் மலையாளிச் சேட்டன்கள்தான். தமிழ் பேசுவார்கள், அல்லது நமக்குப் புரிகிற மலையாளம் பேசுவார்கள்.

என் நிலைமை இதுதான். எட்டு வருஷம் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் தங்கும் ரூமில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துக் கிடந்தவன். குடும்பத்தைக் கூட்டிவர மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், கம்பெனி தங்க இடம் கொடுத்தால் 3,000 போதும். முன்பு விசாவில் என்ன வேலை என்று போட்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள், 'லேபர்' என்று இருந்தால் கதவு சாத்தியதுதான். 2019-ல் அதை மாற்றி வருமானத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மாற்றத்தால் மனைவி முகத்தைத் தினமும் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். சம்பளம் கணக்கில் வந்ததும் அல் நஹ்தாவில் ஒரு ஸ்டுடியோ எடுத்து, ஒப்பந்தத்தை எஜாரி என்கிற துபாய் அரசின் வாடகைப் பதிவில் என் பெயரில் பதிந்தேன். அடுத்தவர் பெயரில் இருக்கும் வீட்டில் பார்ட்டிஷன் போட்டுக்கொண்டு குடும்ப விசா கேட்க முடியாது, இது பலருக்கும் கடைசி நேரத்தில்தான் உறைக்கிறது.

என் மனைவி கயல் 60 நாள் விசிட்டில் வந்து இறங்கினாள். மூன்றாம் நாளே முதல் கடைக்குப் போனோம். பளபளவென்று இருந்தது, டோக்கன் மெஷின், சோபா, குடிக்கத் தண்ணீர். கவுண்டரில் இருந்த தம்பி எங்கள் கல்யாணச் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை. போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, "எல்லாம் ஓகே பிரதர், ஃபைல் ஓப்பன் பண்ணிடலாம்" என்று 450 திர்ஹம் வாங்கிக்கொண்டான். பத்து நாள் கழித்து, சான்றிதழில் அட்டெஸ்டேஷன் இல்லை, திருப்பிவிட்டார்கள் என்றான். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றால், நீங்கள் செய்து வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்கிறான். பணம்? அது சர்வீஸ் சார்ஜ், திரும்ப வராது. அட்டெஸ்டேஷன் என்ற சொல்லே எனக்குப் புதுசு என்றால் சிரிக்காதீர்கள், நான் வந்த வேலைக்கு டிகிரி கேட்கவில்லை, கம்பெனியின் அரசாங்க வேலைகளைப் பார்க்கும் மந்தூப் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய் எல்லாம் முடித்துக் கொடுத்தார்.

இரண்டாவது கடை கராமாவில். பேக்கரிக்கு மேலே மாடியில், லிஃப்ட் வேலை செய்யாது. ஐம்பது வயது இருக்கும் சேட்டன் ஒருவர், கண்ணாடியை நெற்றியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிற ரகம். சான்றிதழை நீட்டினேன். வாங்கியவர் படிக்கவே இல்லை. விரலால் ஒரு தடவு தடவினார், மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தகரம் மாதிரி டப்டப் என்று சத்தம் வந்தது.

"யாரு சாரே இதை லேமினேட் செஞ்சது?"

"மாமியார்."

"நல்ல அம்மா. ஆனா இதுக்கு மேல யாரு சீல் குத்தும்?"

கயல் சிரித்துவிட்டாள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாமியார் நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார், மழைக்காலத்தில் பீரோவில் பூஞ்சை பிடிக்கும் என்று ரேஷன் கார்டு, கல்யாணச் சான்றிதழ், கயலின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிட்டார். அட்டெஸ்டேஷன் என்பது அந்தத் தாளின் முதுகிலேயே முத்திரை குத்தி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாது, பிரித்தால் தாள் கிழியும். ஆகவே ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் புதிதாகச் சான்றிட்ட நகல் வாங்கி, மாநில அரசின் உள்துறை, டெல்லியின் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம் என்று மூன்று இடம் சுற்றி, இங்கே வந்ததும் மோஃபா என்கிற இந்த நாட்டு வெளியுறவுத் துறையின் முத்திரை. அதற்கு 150 திர்ஹம். அப்போஸ்தில் என்று ஒரே ஸ்டிக்கரில் முடிகிற வழி பல நாடுகளுக்கு உண்டு, அமீரகத்துக்குச் செல்லாது. இதையெல்லாம் அவர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "பேப்பர் வரட்டும், அப்போ வாங்கிக்கலாம்" என்றார். அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறேன். நாலு ஸ்டாரில் மூன்று அந்தக் கவருக்குத்தான்.

அப்புறம் ஓட்டம் எல்லாம் புதுக்கோட்டையில் இருக்கும் மச்சானுக்கு. வெளிநாட்டில் இருந்துகொண்டு விண்ணப்பிப்பதில் உண்மையான கஷ்டம் இங்கே இருக்கும் ஆபீஸில் இல்லை, நாம் இங்கே, நம் தாள் அங்கே என்பதில்தான் இருக்கிறது. மச்சான் வேலைக்கு லீவு போட்டு நகல் வாங்கி, சென்னையில் ஏஜெண்டிடம் கொடுத்து, அவர் டெல்லிக்கு அனுப்பி, கூரியரில் எங்கள் கைக்கு வர 24 நாள். நான் காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். விசிட் முடிந்து ஒரு நாள் தாண்டினாலும் நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். அந்தக் காலத்து ஆட்கள் இந்த நெருக்கடியில் ஈரானின் கிஷ் தீவுக்குப் பறந்து, புது விசா வரும்வரை அங்கே காத்துக் கிடப்பார்களாம். எங்கள் பழைய ரூமில் இருந்த பெரியவர் ஒருவர் அங்கே பதினோரு நாள் இருந்த கதையைச் சோறு பிசையும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார்.

தாள் வந்தது. சேட்டன் இந்தத் தடவை கண்ணாடியை இறக்கிப் படித்தார். முதுகு முழுக்க முத்திரை, திருப்தி. முன்பக்கம் திருப்பியதும் முகம் மாறியது. "இதென்ன 'மு'?"

நம் இனிஷியல் சங்கதி. சான்றிதழில் மு. கயல்விழி. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் கயல்விழி மட்டும், சர்நேம் காலி. 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட்டில் வருகிறவர்களை அமீரகம் ஏற்பதில்லை, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அதனால் விசிட் விசாவில் கயல்விழி முருகேசன். ஆக ஒரே மனைவிக்கு மூன்று பெயர். எனக்கு இது ஒரு விஷயமாகவே தெரியவில்லை, ஊரில் எவனாவது இனிஷியலைப் பார்த்து இது வேறு ஆள் என்பானா? சேட்டன் பொறுமையாகச் சொன்னார், அப்ளிகேஷனைப் பார்க்கிறவருக்குத் தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது என்று தெரியாது, அவருக்கு 'மு' என்பது ஒரு எழுத்து, அவ்வளவுதான். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று பர் துபாயில் இருக்கும் நம் துணைத் தூதரகம் வழியாகச் சான்று வாங்கிவரச் சொன்னார். அதற்கு மேலும் ஐந்து நாள் போனது. முதல் கடை தம்பி போனில் எடுத்த போட்டோவிலும் இந்த 'மு' இருந்தது. அவன் கண்ணில் படவே இல்லை.

அடுத்தது அரபி மொழிபெயர்ப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு கொடுக்க வேண்டும், அதை சேட்டனே ஏற்பாடு செய்துவிட்டார். அரபியில் 'வ' என்று நாம் உதட்டைக் கடித்துச் சொல்லும் சத்தத்துக்கு எழுத்து இல்லை, 'ஃப' போடுவார்கள். நம் 'ழ' பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆங்கிலத்தில் இசட் எச் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 'ஸ' மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கயல்விழி அங்கே கயால்ஃபிஸி ஆனாள். மாற்றச் சொல்லலாமா என்றேன். "எதுக்கு மாத்தணும் சாரே, விசிட் விசாவிலயும் இதே ஸ்பெல்லிங்தான், இப்போ மாத்தினா நாலாவது பேராகும்" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு என்ன இருக்கிறது.

மற்றதெல்லாம் சர்ரென்று போனது. என் பெயரில் ஃபைல் திறந்து, என்ட்ரி பெர்மிட் போட்டு, நாட்டை விட்டு வெளியே போகாமலே ஸ்டேட்டஸ் மாற்றம். அதற்கு மட்டும் 600 திர்ஹத்துக்கு மேல் தனியாகப் போகும், இருந்தாலும் ஊருக்குப் போய்வரும் டிக்கெட்டைவிட லாபம். மெடிக்கலில் ரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும், கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கைரேகை வைக்கும் இடத்தில் கயலின் கட்டைவிரல் நாலு முறை விழவில்லை. கவுண்டரில் இருந்த அம்மா ஈர டிஷ்யூ கொடுத்துத் துடைக்கச் சொல்லி, அப்புறம் தன் கையாலேயே அவள் விரலை அழுத்திப் பிடித்தாள், விழுந்தது. துபாயில் மனைவிக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் நம் பொறுப்பு, அதில் சேட்டன் காட்டிய பிளானைவிட மலிவாக எனக்கு வெளியில் கிடைத்தது.

அந்த ஒரு ஸ்டார் ஏன் குறைந்தது என்றால் இதற்குத்தான். இன்ஷூரன்ஸில் அவருக்குக் கமிஷன் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை, ஆனால் நீங்கள் கேட்கும்வரை சொல்லவும் மாட்டார். வாட்ஸ்அப்பில் பதில் வராது, நீல டிக் விழும், அவ்வளவுதான், நேரில் போய் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் போய்விடாதீர்கள், படியேறினதுதான் மிச்சம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, கடைக் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொன்னால் எழுதித் தருகிறார். எனக்கு மொத்தமாக 5,300 திர்ஹம் ஆனது, இன்ஷூரன்ஸும் சேர்த்து, ஊர்ச் செலவும் முதல் கடையில் விட்ட 450-ம் தனி.

அரசாங்க ஆப்பிலேயே எல்லாம் போடலாமே, எதற்குக் கடை என்று ரூம் பையன் ஒருவன் கேட்டான். போடலாம், உண்மைதான். பாஸ்போர்ட்டில் சர்நேம் ஒழுங்காக இருந்து, அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் கையில் இருந்தால் நானே போட்டிருப்பேன், அடுத்த முறை புதுப்பிக்க அப்படித்தான் செய்யப்போகிறேன். ஆனால் லேமினேஷனைத் தட்டிப் பார்த்து, இது வேலைக்காகாது என்று ஆப் சொல்லாது. இதே நிலைமையில் இருக்கிறவர்கள் மனைவி ஃபிளைட் ஏறுவதற்கு முன்னாலேயே ஊரில் அட்டெஸ்டேஷனை முடித்துவிடுங்கள், அசலைக் கையில் கொடுத்தனுப்புங்கள். கடைக்குப் போனால் கவுண்டர் ஆள் தாளைக் கையில் வாங்குகிறாரா என்று பாருங்கள். வாங்காமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விசிட் முடிய ஆறு நாள் இருக்கும்போது ஸ்டேட்டஸ் மாறியது, அதற்கு இரண்டு வாரம் கழித்து இரண்டு வருஷ விசா. பாஸ்போர்ட்டில் இப்போது ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, 2022-ல் நிறுத்திவிட்டார்கள், எமிரேட்ஸ் ஐடி கார்டுதான் எல்லாம். 784 என்று தொடங்கும் நம்பரோடு கார்டு வந்த அன்று அதை வாட்ஸ்அப்பில் மாமியாருக்குப் படம் பிடித்து அனுப்பினாள் கயல். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே போன் போட்டார்.

"பத்திரமா வச்சுக்கடி. லேமினேஷன் போட்டியா?"