ஸ்லீப்பில் இருந்து எழுந்ததும் ஹார்டு டிஸ்க் காணவில்லையா? "ஹெட் போயிடுச்சு" என்றால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கணினி ஸ்லீப் நிலைக்குப் போய்த் திரும்பியதும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் காணாமல் போகிறது என்று கடைக்குக் கிளம்புபவர்கள், கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இதே கோளாறுக்காக என் தங்கையிடம் ஒரு கடையில் 14,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஊர் ஊராகச் சென்று அவள் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் அந்த டிஸ்கில் இருந்தன. லேப்டாப்பை மூடிவைத்து, சற்று நேரம் கழித்துத் திறந்தால் டிஸ்க் தென்படாது. கேபிளைக் கழற்றிச் செருகினால் சில வேளை வரும். கடைக்காரர் அதைச் சில நிமிடங்கள் செருகிப் பார்த்துவிட்டு, "ஹெட் போயிடுச்சு மேடம், இப்பவே ரெக்கவரி பண்ணலைன்னா டேட்டா மொத்தமும் போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். ஹெட் என்பது டிஸ்கில் தரவைப் படிக்கவும் எழுதவும் செய்யும் முனை. ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது. மறுநாளே புது டிஸ்க் ஒன்றில் கோப்புகளைப் போட்டுக் கொடுத்து, ரெக்கவரிக் கட்டணத்தையும் புது டிஸ்கின் விலையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பழையதை "ஸ்கிராப்தானே" என்று வைத்துக்கொள்ளப் பார்த்தவரிடம் தங்கை விடாப்பிடியாக நின்று அதைத் திரும்ப வாங்கிவந்தாள். அவள் அப்படி நின்றிராவிட்டால் இந்தப் பதிவுக்கே ஆதாரம் இருந்திராது.

புது டிஸ்கும் அதே போலக் காணாமல் போனபோதுதான் லேப்டாப் என்னிடம் வந்தது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பார்த்தேன். கணினி ஸ்லீப்புக்குப் போவதைக் காட்டும் 42ஆம் எண் பதிவு, அதற்குப் பின் டிஸ்க் எதிர்பாராமல் அகற்றப்பட்டதாகக் கூறும் 157ஆம் எண் பதிவு என்று ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசைதான். பழைய டிஸ்கின் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நிலை பற்றித் தானே பதிந்துவைக்கும் கணக்கை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால், சேதமடைந்து மாற்றப்பட்ட செக்டார்களும் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) சரியாகப் படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்களும் பூஜ்யம் என்று காட்டியது. ஹெட் உண்மையிலேயே பழுதாகியிருந்தால், தூசி புகாத கிளீன் ரூமில் டிஸ்கின் மூடியைத் திறந்து வேறு டிஸ்கின் ஹெட்டைப் பொருத்தித்தான் தரவை மீட்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பார்த்தேன். மூடியின் திருகை மறைத்து ஒட்டப்பட்டிருந்த முத்திரைத்தாள் ஓரம்கூடக் கிழியாமல் இருந்தது. நல்ல நிலையில் இருந்த டிஸ்கிலிருந்து கோப்புகளை நகலெடுத்ததற்குத்தான் ரெக்கவரிக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் மின்சாரத்தைச் சேமிக்க, பயன்பாட்டில் இல்லாத யூ.எஸ்.பி. சாதனங்களை உறங்கவைக்கும் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினேன். டிவைஸ் மேனேஜரில் யூ.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவளுடைய இரண்டு டிஸ்குகளும் ஒழுங்காக இயங்குகின்றன. புதிய லேப்டாப்புகள் சிலவற்றில் இந்த அமைப்புகள் தென்படாது. அங்கே மூடியைச் சாத்தும் முன் டிஸ்கை முறைப்படி எஜெக்ட் செய்துவிடுவதே நம்பகமான வழி. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது ஸ்லீப்பையே நிறுத்தி வையுங்கள். குறிப்பாக, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் உள்ளது போன்ற ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது என்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால் கோப்பு அமைப்பே குலையக்கூடும். மேக் கணினிகளிலும் ஸ்லீப்புக்குப் பின் டிஸ்க் முறையாக எஜெக்ட் செய்யப்படவில்லை என்ற அறிவிப்பு வருவதுண்டு; அதை மட்டும் வைத்து டிஸ்க் செத்துவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, வேறு கணினியிலும் வேறு கேபிளிலும் தென்படாமல் போனாலோ கதை வேறு. அப்போது மேற்கொண்டு இயக்காமல் தகுந்த இடத்தில் காட்டத்தான் வேண்டும். ஸ்லீப்புக்குப் பின் மட்டும் மறைகிறது என்றால், ஸ்மார்ட் அறிக்கையைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் டிஸ்கை ஒப்படைக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பில், முத்திரை கிழியாத டிஸ்கின் படங்கள், ஈவென்ட் வியூவர் பதிவுகள் ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தங்கை புகார் பதிந்திருக்கிறாள். இதே போல ஹெட் போய்விட்டது என்று சொல்லி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கி முதலில் அதன் முத்திரையைப் பாருங்கள்.