பம்ப் பை இலவசம் என்று காற்றுப்பாய் விற்கிறவர்களிடம் கவனம்: 9,800 ரூபாவுக்கு நான் வாங்கிய ஓட்டை

கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஆயத்தமாகிறவர்களும் அறுகம்பே, பாசிக்குடா பக்கம் கூடாரம் அடிக்கிற பொடியன்மாரும் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். முகநூலில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு காற்றுப்பாய் விளம்பரத்தை நம்பி நான் மாட்டிக்கொண்ட கதை இது. பக்கத்தின் பெயரைக் கேட்டு இன்பொக்சுக்கு வரவேண்டாம். அந்தப் பெயர் ஏற்கெனவே மாறிவிட்டது, படங்களும் விலையும்தான் அப்படியே கிடக்கின்றன.

எனக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை இருக்கிறது. போன வருஷம் பன்பாயில் படுத்து உகந்தையிலிருந்து காட்டுக்குள் நடந்ததில், ஒவ்வொரு விடியலிலும் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கித்தான் எழும்பினேன். இந்தமுறையும் அப்படி ஏலாது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் வந்தது. அரைக்கிலோ பாரம், தண்ணீர்ப் போத்தல் அளவுக்குச் சுருளும், ஊதினால் 183 சென்றிமீற்றர் நீளம், 51 அகலம், 6 தடிப்பம், குளிர் தடுக்கிற அளவான ஆர் வேல்யூ 5.8, வாயால் ஊதத் தேவையே இல்லை, கூடவே பம்ப் பை இலவசம், இரண்டே அமுக்கில் பாய் நிறையும். வீடியோவில் ஒரு பிள்ளை சிரித்துக்கொண்டே அரை நிமிஷத்தில் ஊதி முடிக்கிறாள். 9,800 ரூபா, டெலிவரி 450. போட்டேன் ஓடரை.

பம்ப் பையைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் சங்கதி முழுக்க அதில்தான் இருக்கிறது. மெல்லிய நைலோன் பை, ஒரு பக்கம் அகல வாய், மறுபக்கம் ஒரு பிளாஸ்டிக் மூக்கு. மூக்கைப் பாயின் வால்வில் செருகிவிட்டு, அகல வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முகத்தை ஒரு அடி தள்ளி வைத்து ஒரு நீண்ட மூச்சு ஊதவேண்டும். நம்முடைய நெஞ்சுக்குள் நாலைந்து லீட்டர் காற்றுத்தான் இருக்கும், ஆனால் வேகமாகப் போகிற மூச்சு சுற்றிவர நிற்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே போவதால் பை பொம்மென்று நிறைந்துவிடும். உதட்டைப் பையோடு ஒட்டி ஊதினால் இது நடக்காது, பலரும் அங்கேதான் பிழை விடுகிறார்கள். பிறகு வாயை மூன்று நாலு மடிப்புச் சுருட்டிப் பையை நெஞ்சோடு அணைத்து அமுக்கினால் காற்று பாய்க்குள் இறங்கும். வால்வுக்குள் ஒரு சின்ன நாக்கு இருப்பதால் போன காற்று திரும்பாது. வாயால் நேரே ஊதக்கூடாதென்று சொல்வதற்குக் காரணம் மூச்சோடு போகிற ஈரம். அது உள்ளே தங்கி, சுருட்டி வைத்த பாயில் பூஞ்சணம் பிடிக்கலாம்.

பார்சல் வந்த அன்று கொண்டுவந்த தம்பி காசு வாங்காமல் திறக்க விடமாட்டேன் என்றார். அவரில் பிழையில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி. காசைக் கொடுத்துத் திறந்தேன். நனைந்த சாரனை மூன்று நாள் பைக்குள் மறந்து வைத்தால் ஒரு மணம் வருமே, அந்த மணம் வந்தது. "புது ரெக்சின் அப்பிடித்தான் மணக்கும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் பாருங்கள், அது முதல் பிழை. இரண்டாவது பிழை, நடை தொடங்க இரண்டு நாள்தான் இருக்கிறது என்று அவசரத்தில் கொஞ்சமாக ஊதிப் பார்த்துவிட்டுச் சுருட்டிக் கட்டியது.

கல்லடியிலிருந்து நடக்கத் தொடங்கினோம். முதல் இரவுகளில் தங்கிய இடங்களில் நல்ல சனங்கள் மெத்தையே போட்டுத் தந்ததால் பாயை நான் எடுக்கவில்லை. திருக்கோவிலுக்கு வந்து, கோயில் மண்டபத்தில் எல்லாரும் வரிசையாகப் படுக்கிற நேரம்தான் முதன்முதலில் விரித்தேன். சுற்றிவர இருபது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். மூக்கை வால்வில் செருகினேன், இறுகவில்லை, தொளதொளவென்று நின்றது. ஒரு கையால் மூக்கை அழுத்திப் பிடித்தால் பையை அமுக்க ஒரு கைதான் மிச்சம். அமுக்கினால் காற்றில் பாதி வால்வைச் சுற்றி புஸ்ஸென்று வெளியே வருகிறது. இரண்டே அமுக்கு என்றார்கள், பன்னிரண்டு வரை எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ணவில்லை. கடைசியில் வால்வில் வாயை வைத்து ஊதித்தான் நிரப்பினேன். தலை சுற்றியது. பக்கத்தில் எங்களோடு நடந்து வந்த மாமி தன்னுடைய பன்பாயை விரித்து, இரண்டு தட்டுத் தட்டிப் படுத்து, நான் ஊதி முடிக்கும்போது குறட்டையும் விட்டுக்கொண்டிருந்தா.

இரவு இரண்டு மணிக்கு இடுப்பெலும்பு சீமெந்தில் முட்டி முழிப்பு வந்தது. பாய் வாடிப்போன வாழையிலை மாதிரி எனக்குக் கீழே கிடந்தது. திரும்ப ஊதினேன், நாலரைக்குத் திரும்பவும் அதே கதை. காலையில் மாமி சொன்னா, "மனே, காத்த நம்பிப் படுத்தா இப்பிடித்தான்."

பொத்துவில் வந்ததும் டயர் ஒட்டுகிற ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கடைக்காரக் காக்கா ஊதின பாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பகுதி பகுதியாக அமுக்கிக்கொண்டு வந்தார். நடுவில் ஒன்றுமில்லை, ஓரத்தில் ஒன்றுமில்லை. வால்வு இருக்கிற மூலை தண்ணீருக்குள் போனதும் வால்வின் அடிவளையத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் மணி கோத்த மாதிரி வரிசையாக ஏறின. காக்கா அந்த இடத்தைத் துடைத்து, நகத்தால் சுரண்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். வளையத்தைச் சுற்றி அரை வட்டமாகக் காய்ந்த பசையின் தடம், மங்கலான மஞ்சள் நிறத்தில். "தம்பி, இது புதுசில்ல. ஆரோ முன்னயே ஒட்டிப் பாத்திரிக்காங்க" என்றார். அப்போதுதான் அந்த மணத்தின் அர்த்தம் விளங்கியது. எனக்கு முன்னாலேயே ஒருவர் வாங்கி, வாயால் ஊதி, காற்று நிற்காமல் திருப்பிக் கொடுத்த பாயைத்தான் எனக்குப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். டியூப் ஒட்டுகிற சொலூசனைப் பூசிப் பார்த்தார், பிடிக்கவில்லை, ஓரத்தில் இழுத்ததும் தோல் மாதிரி உரிந்து வந்தது. இந்தப் பாய்களின் உட்பக்கத்தில் பூசியிருப்பது டிபியு என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக், றப்பர் டியூபின் பசை அதில் நிற்காது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. காக்கா காசு வாங்க மாட்டேன் என்றார். குளிர்பானம் வாங்கித் தந்து அனுப்பினார்.

அங்கிருந்து அறுகம்பே கிட்டத்தான். என் மச்சான் ஒருவன் அங்கே ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். அலைச் சறுக்கலுக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இதே வகைப் பாய் இருக்கிறதென்று கூட்டிக்கொண்டு போனான். அவர் செய்து காட்டியதைப் பார்த்தபிறகுதான் எனக்கு முழுக் கோபமும் வந்தது. அவருடைய பையின் மூக்கு வால்வுக்குள் டக்கென்று இறங்கிப் பிடித்துக்கொண்டது. பையைத் தூக்கினால் பாயும் சேர்ந்து எழும்புகிறது. மூன்று அமுக்கு, முடிந்தது. அந்தப் பையை என்னுடைய பாயில் வைத்துப் பார்த்தோம், அதுவும் பொருந்தவில்லை. அதாவது கம்பனிக்குக் கம்பனி வால்வின் விட்டம் வேறுபடலாம், பையும் பாயும் சோடி. எனக்குத் தந்தது எங்கேயோ மிஞ்சிக் கிடந்த சோடியில்லாப் பை. வீட்டுக்கு வந்தபிறகு அளந்தேன், தட்டையாக வைத்தால் 30 சென்றிமீற்றர் அகலம், 50 நீளம், வாயைச் சுருட்டியபிறகு பதினொரு லீட்டர்தான் பிடிக்கும். விளம்பரத்தில் சொன்ன அளவுப் பாய்க்கு நாற்பது லீட்டருக்கு மேல் வேண்டும். ஒரு துளி காற்றுக்கூட வெளியே போகாவிட்டாலும் நாலு அமுக்கு. இரண்டு என்பது அந்த வீடியோப் பிள்ளைக்கு மட்டும்.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். பாய்க்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். அவருடையதில் உள்ளே வெள்ளித்தாள் மாதிரி ஒன்று வெளிச்சத்தை மறைத்தது, என்னுடையதில் கைவிரல் ஐந்தும் நிழலாகத் தெரிந்தன. உள்ளே வெறும் காற்று. ஆர் வேல்யூ என்பது நிலத்தின் குளிர் உடம்புக்கு ஏறாமல் பாய் எவ்வளவு தடுக்கிறது என்கிற கணக்கு. வெறும் காற்றுப்பாய்க்கு அது ஒன்று அளவில்தான் வரும், 5.8 என்றால் பனிக்குள் படுக்கலாம். முன்பு ஒவ்வொரு கம்பனியும் தன்பாட்டுக்கு அளந்து போட்ட இலக்கத்துக்கு 2018 இல்தான் ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்று ஒரு பொதுச் சோதனை முறை வந்தது. ஆகவே இலக்கம் போட்டிருந்தால் எந்தச் சோதனை என்று கேளுங்கள். சரி, குமுக்கன் ஆற்று மணலில் எங்களுக்கு என்ன பனி, அந்த இலக்கமே எனக்குத் தேவையில்லை. ஆனாலும் அதற்கும் சேர்த்துத்தானே விலை போட்டிருக்கிறான்.

பாயை மச்சானிடமே கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பாணமை, உகந்தை, பிறகு காடு. மாமியின் பன்பாயில் பாதி எனக்குக் கிடைத்தது. முதுகைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

திரும்பி வந்து விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் குமிழி வருகிற வீடியோவையும் பசைத் தடத்தின் படத்தையும் அனுப்பினேன். முதல் இரண்டு நாள் பதிலில்லை. பிறகு ஒரு குரல் பதிவு, தேன் மாதிரிக் குரல். "அண்ணா, நீங்க வாயால ஊதினீங்களா?" கடைசியில் வாயால்தான் ஊதினேன் என்று உள்ளதைச் சொன்னேன். "அப்ப வாரண்டி இல்லண்ணா, வாயால ஊதினா வாரண்டி போயிரும்." நீங்கள் தந்த பை பொருந்தவில்லையே என்றால், "பை இலவசமாத் தந்தது, அதுக்கு வாரண்டி இல்ல." பார்த்தீர்களா விளையாட்டை? பொருந்தாத பையைத் தந்தால் ஆள் வாயால் ஊதத்தான் போகிறார், ஊதினால் வாரண்டி இல்லை. அடுத்த கேள்வி, வெயிலில் வைத்தீர்களா என்று. நிறைய ஊதிய பாயை வெயிலில் போட்டால் உள்ளே காற்று விரிந்து ஒட்டுகள் விட்டுப்போகும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது பாய் நடுவில் பலூன் மாதிரிப் புடைக்கும். என்னுடையதில் ஓட்டை வால்வடியில், அதுவும் பழைய பசைக்குக் கீழே.

மறுகா நான் கதைக்கவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்தேன். எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. யாத்திரை, முதுகு, வைத்தியம் என்று இழுத்ததில் எனக்கு மிச்சம் ஒன்பது நாள்தான் இருந்தது. பார்சலில் ஒட்டியிருந்த கூரியர் துண்டையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. விளம்பரத்தை வாங்குகிற அன்றே படம் எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் இருக்காது. முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியை விற்றவருக்கு அனுப்பியதும் அதே தேன் குரல் வந்தது, பாயைத் திருப்பி அனுப்பினால் 6,000 தருகிறேன் என்று. முழுக் காசுக்கும் இழுத்துப் பறிக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் கேட்டால் இன்னும் திட்டுவார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆகவே வாங்குவதென்றால் கடைக்கு நேரே போய், பையின் மூக்கை வால்வில் செருகிப் பையைத் தூக்கிப் பாருங்கள், பாய் தொங்கவேண்டும். வால்வைச் சுற்றி நகத்தால் தடவுங்கள், உள்ளே மணந்து பாருங்கள். வீட்டில் ஊதி, மேலே அரிசி மூட்டையை வைத்து ஒரு இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். கொஞ்சம் தளர்ந்திருந்தால் பயமில்லை, இரவுக் குளிருக்குக் காற்றுச் சுருங்கும். மூட்டை நிலத்தில் முட்டினால்தான் பிழை. மணலில் பாவிக்கிறவர்கள் வால்வின் நாக்கில் ஒரு பருக்கை மணல் நின்றாலே காற்று கசியும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் ஓட்டை என்று முடிவுக்கு வரவேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாயைத் திருப்பி அனுப்ப மடித்துக்கொண்டிருந்தபோது என் மகள் வால்வுக்குக் கீழே நீல மார்க்கரால் ஒரு மீன் வரைந்துவிட்டாள், கட்டைவிரல் அளவு, வாலில் மூன்று கோடு. அழிக்கப் பார்த்தேன், போகவில்லை, அப்படியே அனுப்பினேன். போன கிழமை வாழைச்சேனையில் இருந்து ஒரு தம்பி, புதிதாக வாங்கிய காற்றுப்பாய் இரவில் இறங்குகிறது, எங்கே ஒட்டலாம் என்று கேட்டு ஒரு படம் போட்டிருந்தார். வால்வை நன்றாகக் கிட்டவாக எடுத்திருந்தார். கீழே மீன். தம்பி 1977 க்கு எடுத்துவிட்டார், அவருக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. பாயைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதையும் மீறி அது வேறு எங்கேயாவது விலைக்கு வந்தால், வால்வடியில் நீல மீன் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.