டாடா நெக்ஸான் பெட்ரோல்: தொப்பூர் ஏற்றமும் ‘நம்ம கம்பெனி’ வாதமும்

தருமபுரிப் பக்கம் ஒரு குடும்பம் கார் வாங்கப் போகிறது என்றால், விலையைக் கேட்கும் முன்பே “நம்ம நாட்டுக் கம்பெனியா, வெளிநாட்டுக் கம்பெனியா?” என்று உறவினர் யாராவது கேட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் கேட்டவர் மாமனார். லாரிக்காரர்கள் நம்பும் பெயர் என்பதால், டாடாவைத் தவிர வேறெதையும் அவர் ஏற்கவில்லை. நெக்ஸானையே வாங்கினோம், ஆனால் என் காரணம் வேறு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்புக் கார் இதுதான், அது 2018-இல்.

1.2 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) பெட்ரோல் எஞ்சின் 120 பி.எஸ். (குதிரைத்திறன் அளவு) ஆற்றலும் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஏறிய நிலையில், சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தை மூன்றாம் கியரில் திணறாமல் ஏறிவிடுகிறது. தவழ்ந்து செல்லும் லாரியை முந்த முனையும்போது மட்டும், டர்போ வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். சேலம் நோக்கிய இறக்கத்தில் கியரைக் குறைத்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பதால், பிரேக்கை ஓயாமல் மிதிக்கும் தேவை இல்லை. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும்போது, உயரமான வேகத்தடைகளில்கூட அடிப்பகுதி உரசவில்லை. சிக்னலில் நிற்கையில் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய அதிர்வு ஸ்டியரிங்கில் தெரியும். நான்கு சிலிண்டர் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு அது உறுத்தலாம்.

மாமனாரின் வாதத்துக்கு வருவோம். அவர் விரும்பும் நெக்ஸான் புனே அருகே ரஞ்சன்கானில் தயாராகிறது. அவர் ‘கொரியாக்காரன்’ என்று ஒதுக்கும் ஹூண்டாயோ 1998 முதல் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. வேலை தேடி ஓசூரையும் திருப்பெரும்புதூரையும் நோக்கிப் போகும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், எது ‘நம்ம வண்டி’ என்பது அவ்வளவு எளிதான கேள்வி அல்ல. அரசும் கம்பெனியின் பூர்வீகத்தைப் பார்ப்பதில்லை: 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.யைத் தாண்டாத பெட்ரோல் கார் எதுவானாலும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான்.

ஓரிடத்தில் மட்டும் மாமனார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. செவ்ரோலே 2017-இல் இந்திய விற்பனையை நிறுத்தியது; மறைமலை நகரில் தமிழர் கைகளால் கார் செய்த ஃபோர்டு, 2021-இல் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போக இன்னொரு நாடு இருக்கிறது என்ற அச்சம் வீண் அச்சமல்ல. ஆனால் உள்நாட்டுக் கம்பெனி செய்த அம்பாசடரின் உற்பத்தியும் 2014-இல் நின்றதே! ஆகவே பெயரைவிட, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, உதிரிபாகம் ஊரிலேயே கிடைக்கிறதா என்பதையே விசாரித்துக்கொள்ளுங்கள். மேனுவல் கியர் கொண்ட பெட்ரோல் நெக்ஸானைக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வோருக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன்; கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓட்டுவோருக்கு இதைவிடச் சிறிய வண்டியே போதும்.