வலைப்பூவில் வீடியோ: மாணவரின் வழிகாட்டியில் எந்த முறையை விட்டுவைப்பது?

பதிவுக்குள் யூடியூப் வீடியோவைப் பொருத்துவது எப்படி என்று ஒரு மாணவரை எழுதச் சொன்னால், தெரிந்த எல்லா வழிகளையும் ஒரே கட்டுரையில் கொட்டிவிடுவார். முகவரியை ஒட்டுவது, ஐஃப்ரேம் கோடு (வேறு தளத்தின் பக்கத்தை நம் பதிவுக்குள் ஒரு சட்டத்தில் காட்டும் எச்டிஎம்எல் வரி), கூகுளின் வலைப்பூத் தளமான பிளாக்கரின் வீடியோ பட்டன், வீடியோ கோப்பையே ஏற்றிவிடுவது என நான்கும் அதில் இருக்கும். நான்கும் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால் நான்கும் ஒரே வாசகருக்குத் தேவைப்படாது. எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரையைத் திருத்துகிறவர், எதை வெட்டுவது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

வேர்ட்பிரஸா? முகவரி போதும்

2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் வெறும் முகவரியை ஒட்டினால் வீடியோவாக மாறிவிடும். நிபந்தனை ஒன்றுதான்: முகவரி தனி வரியில் நிற்க வேண்டும். வாக்கியத்தின் நடுவில் இருந்தால் வெறும் இணைப்பாகத்தான் தெரியும். வேர்ட்பிரஸின் இப்போதைய எழுதும் திரையான பிளாக் எடிட்டரில் காலியான பத்தியில் ஒட்டினால் உடனே மாறும். ஏற்கெனவே எழுத்து இருக்கிற பத்தியில் ஒட்டினால் மாறாது. மாணவர்களின் வரைவில் இந்த ஒரு வரி மட்டும் எப்போதும் விடுபட்டிருக்கும்.

இந்த முறைக்கு இன்னொரு பலமும் உண்டு. செல்போனில் யூடியூப் ஆப்பைத் திறந்து ஷேர் அழுத்தினால் முகவரிதான் கிடைக்கும். எம்பெட் கோடு, அதாவது யூடியூப் தரும் ஐஃப்ரேம் கோடு, கிடைக்காது. கோடு வேண்டுமானால் பிரவுசரில் டெஸ்க்டாப் தோற்றத்துக்குப் போயாக வேண்டும். மடிக்கணினியில் உட்கார்ந்து எழுதும் மாணவருக்கு இது கண்ணில் படாது. செல்போனில் படிக்கும் வாசகரோ ‘ஷேர், பிறகு எம்பெட்’ என்ற படியிலேயே நின்றுவிடுவார்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதியிருந்தால் ‘ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முகவரிகளும் இப்படியே’ என்று ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அந்த வசதி 2020 அக்டோபரில் வேர்ட்பிரஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வரியை எடுத்துவிடுங்கள்.

ஐஃப்ரேம்: செய்யக்கூடியது அதிகம், தவறுவதும் அதிகம்

அளவு, தொடங்கும் நொடி, தானாக ஓடுவது என எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்க ஐஃப்ரேம்தான் வழி. திருத்துகிறவருக்கு அதிக வேலை வைப்பதும் இதுவே.

முதலில் மேற்கோள்குறியைப் பாருங்கள். கட்டுரையை வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதினால் நேரான மேற்கோள்குறிகள் தாமாகவே வளைந்த குறிகளாகிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பிரவுசருக்கு வளைந்த குறி மேற்கோள்குறியே அல்ல. அதையும் முகவரியின் ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு, நம் வலைப்பூவுக்குள்ளேயே அப்படியொரு பக்கத்தைத் தேடும். விளைவு, வீடியோ இருக்க வேண்டிய சட்டத்துக்குள் நம் தளத்தின் 404 (‘பக்கம் இல்லை’) பக்கம். டாக்ஸில் டூல்ஸ் மெனுவின் பிரிஃபரன்சஸில் ஸ்மார்ட் கோட்ஸ் தேர்வை எடுத்துவிட்டு, கோடை மறுபடியும் யூடியூபிலிருந்து நகலெடுக்கச் சொல்வதே சரி. குறிகளை ஒவ்வொன்றாகத் திருத்தினால் ஒன்றாவது தப்பிவிடும்.

அடுத்தது ‘வாட்ச்’ முகவரி. பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே ஐஃப்ரேமுக்குள் போட்டால், இணைக்க மறுத்துவிட்டது என்ற செய்திதான் வரும். அந்தப் பக்கத்தை வேறு தளங்களின் சட்டத்துக்குள் காட்ட யூடியூப் அனுமதிப்பதில்லை. ‘எம்பெட்’ என்ற சொல்லும் அதன்பின் 11 எழுத்து வீடியோ அடையாளமும் கொண்ட முகவரி வேண்டும். நேரமும் அப்படித்தான்: சாதாரண முகவரியில் ‘டி’ (t) என்று இருப்பது எம்பெட் முகவரியில் ‘ஸ்டார்ட்’ (start) ஆகும். ஒன்றரை நிமிடத்திலிருந்து ஓட வேண்டுமென்றால் 90 என்று நொடியில் எழுத வேண்டும்.

அளவு மூன்றாவது. யூடியூப் கொடுக்கும் கோடில் அகலம் 560, உயரம் 315. 360 பிக்சல் அகலமுள்ள செல்போன் திரையில் 200 பிக்சல் வெளியே நிற்கும். அகலத்தை 100 சதவீதமாக்கி, உயரத்தை எடுத்துவிட்டு, ஸ்டைலில் ஆஸ்பெக்ட் ரேஷியோ (அகல உயர விகிதம்) 16/9 என்று கொடுத்தால் எந்தத் திரையிலும் அடங்கும். உயரத்தை மட்டும் எடுத்துவிட்டு விகிதத்தைக் கொடுக்க மறந்தால் வீடியோ 150 பிக்சல் உயரத்தில் நசுங்கிப்போகும். ஷார்ட்ஸ் என்றால் விகிதம் 9/16.

‘முகவரியில் ரெல் 0 (rel=0) போட்டால் பரிந்துரை வீடியோக்கள் வராது’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு அது பரிந்துரைகளை அதே சேனலுக்குள் சுருக்குகிறது, அவ்வளவுதான். தானாக ஓடும் வீடியோவுக்கு மியூட்டையும் சேர்க்காவிட்டால் குரோம் பெரும்பாலும் ஓட விடாது. சோதித்துப் பார்க்க, கோடை ஒரு எச்டிஎம்எல் கோப்பாகக் கணினியிலேயே சேமித்துத் திறந்தால் ‘153’ என்ற பிழை வரும். எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வருகிறது என்பது யூடியூபுக்குத் தெரியாததே காரணம். கோடில் தவறு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பதிவில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேர்ட்பிரஸில் பலர் சேர்ந்து எழுதும் தளமென்றால் இன்னொரு சிக்கல்: ஆதர் நிலையில் (தன் பதிவுகளை மட்டும் எழுதி வெளியிடும் உரிமை) இருப்பவர் சேமித்ததும் ஐஃப்ரேம் மறைந்துவிடும். பாதுகாப்புக்காக வேர்ட்பிரஸே அதை நீக்குகிறது. அட்மினாக இருந்து எழுதிய மாணவர் ‘எனக்கு வருதே’ என்பார்.

பிளாக்கரில் பட்டனா, கோடா?

வழக்கமாக எழுதும் திரையான கம்போஸ் வியூவில் வீடியோ பட்டனை அழுத்தி யூடியூபைத் தேர்ந்தெடுத்தால் கோடைத் தொடாமலே முடிந்துவிடும். ஆனால் 320க்கு 266 என்ற பழங்கால அளவில் வந்து விழும். 16:9 வீடியோவுக்கு 180 உயரமே போதும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. கோடு என்றால், பென்சில் குறியை அழுத்தி எச்டிஎம்எல் வியூவுக்கு மாறிய பிறகே ஒட்ட வேண்டும். கம்போஸ் வியூவிலேயே ஒட்டினால் கோடு எழுத்தாகவே பதிவில் தெரியும். மாணவர் ‘பிறகு கோடை பேஸ்ட் செய்யவும்’ என்று மட்டும் எழுதியிருப்பார். பிளாக்கர் வாசகருக்கு நான் கோடையே விட்டுவைப்பேன், வியூ மாற்றும் படியோடு. பட்டன் அவசரத்துக்கு.

கோப்பை ஏற்றுவது

ஒரு பத்திக்கு மேல் தகுதியில்லை. ஐபோனின் 1080பி வீடியோ நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடம் குறைந்தது 300 எம்பி. 200 பேர் முழுதாகப் பார்த்தால் 60 ஜிபி போக்குவரத்து. வேர்ட்பிரஸை இயக்கும் மொழியான பிஎச்பியின் இயல்பான பதிவேற்ற வரம்போ 2 எம்பி. வரம்பைக் கூட்டினாலும், செல்போன் சேமிக்கும் ஹெச்இவிசி வடிவம் எல்லாப் பிரவுசரிலும் ஓடாது. சில நொடி நீளமுள்ள, ஒலியில்லாத எம்பி4 துண்டுக்கு மட்டும் இது பொருந்தும்.

திருத்தத்தை எப்படிக் காட்டுவது?

எழுத்துப்பிழை, பழைய மெனுப் பெயர் ஆகியவற்றை கூகுள் டாக்ஸின் சஜெஷன் முறையில் நேரடியாக மாற்றிவிடலாம். விடுபட்ட படியை நீங்களே எழுதிச் சேர்க்காதீர்கள். ‘இந்தக் கோடை எந்த வியூல ஒட்டச் சொல்றீங்க?’ என்று ஓரத்தில் கமெண்ட் போட்டால், அவர் திரும்பிப் போய்ச் செய்து பார்ப்பார். அப்போதுதான் வேறு விடுபட்ட படிகளும் அவர் கண்ணில் படும். திருத்தம் முடிந்ததும், கணக்கிலிருந்து வெளியேறி, செல்போனில் பதிவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரைவேட் வீடியோ உரிமையாளருக்கும் அவர் அனுமதித்தவர்களுக்கும் மட்டும் ஓடும், மற்றவர்களுக்குக் கறுப்புத் திரைதான். அன்லிஸ்டட் என்றால் எல்லாருக்கும் ஓடும்.