இங்கிலாந்து வீட்டுத் தோட்டத்துக்கு ஓர் ஏர் ரைபிள்: வைராவ் எச்.டபிள்யூ. 99எஸ்

இங்கிலாந்தில் கோழிக்கூண்டை ஒட்டி எலி வளை தோண்டினாலும், பழமரங்களைச் சாம்பல் அணில் சூறையாடினாலும், பெரும்பாலோர் முதலில் பொறி வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால், வட அமெரிக்காவிலிருந்து 1876இல் கொண்டுவந்து விடப்பட்ட இந்தச் சாம்பல் அணிலைப் பொறியில் பிடித்தபின் வேறிடத்தில் விடுவது அங்கே குற்றம். பிடித்தவரே அதைத் துன்புறுத்தாமல் கொல்ல வேண்டும். காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கியான ஏர் ரைபிள் வாங்கலாமா என்ற யோசனை பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அப்படி யோசிப்பவர் சிறிய தோட்டம் உடையவராக இருந்தால், ஜெர்மனியின் வைராவ் நிறுவனம் தயாரிக்கும் எச்.டபிள்யூ. 99எஸ் மாதிரியை 0.177 அங்குலக் குழல் அளவில் வாங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து.

இதைவிட ஆற்றல் மிக்கது வேண்டாமா என்று கேட்பவர்களுக்குச் சட்டமே பதில் சொல்லிவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைபிளின் ஆற்றலுக்கு உச்ச வரம்பு 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல். ஸ்காட்லாந்தில் 2016 முடிவிலிருந்து அதற்கும் தனிச் சான்றிதழ் வேண்டும். வரம்பு எல்லோருக்கும் ஒன்றே என்பதால், விலை உயர்ந்த துப்பாக்கி கூடுதலாகத் தருவது வேகத்தை அல்ல. குறி தவறாமையையும் வசதியையும்தான்.

இந்த மாதிரி குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் பழைய முறையில் இயங்குவது. எடை ஏறத்தாழ 3 கிலோ. அதே நிறுவனத்தின் எச்.டபிள்யூ. 95ஐவிட இலேசானது. குழலை மடக்கியதும் பாதுகாப்புப் பூட்டு தானாகவே பூட்டிக்கொள்ளும். ரெக்கார்ட் என்ற பெயர்பெற்ற விசை (டிரிகர்) இதில் இருப்பதுதான் இதன் பெரிய பலம்: முதல் கட்டத்தில் இலேசாக நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும், அதன்பின் விரலைச் சற்றே அழுத்தினால் போதும். இந்த விலைக்கு இப்படியொரு விசை கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ரவையை, அதாவது சுடும் சிறு குண்டை, செருகும்போது மடங்கிய குழலை மற்றொரு கையால் இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகைத் துப்பாக்கி அதிராது, அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் சுமார் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றேற்ற பம்போ சிலிண்டரோ தனியாக வாங்க வேண்டும். மாதத்துக்கு நாலைந்து எலிக்காக அத்தனை செலவு தேவையில்லை. கூட்டங்கூட்டமாக எலி வரும் பண்ணைக்காரர் கணக்கு வேறு, அவருக்கு பி.சி.பி.யே சரி, இந்தத் துப்பாக்கி சலிப்பூட்டும்.

குறைகளும் உண்டு. ஸ்பிரிங் விடுபடும்போது துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறுவதால், இறுகப் பிடித்தால் குறி சிதறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுடப் பழக வேண்டும். அதே உதறல், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் மலிவானதாக இருந்தால், அதை விரைவில் கெடுத்துவிடும் என்பதால், ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்ததை வாங்குவது நல்லது.

0.22 அளவைவிட 0.177ஐ நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் ரவையின் பாதை. பெரிய ரவை கனமானது, மெதுவாகப் போகும், ஆகவே அதிகம் தாழும். தூரத்தைச் சிறிது தவறாக மதித்தாலும் குறி தப்பும். எலியின் தலையில் நமக்குக் கிடைக்கும் இடமோ இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. இருப்பினும் 0.177இலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்கோப் குழலுக்குச் சுமார் 4 செ.மீ. மேலே அமர்ந்திருப்பதால், 27 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கி, 5 மீட்டரில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தாழ்ந்து சுடும். கொட்டகை ஓரத்து எலி தப்பிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ரவை உங்கள் எல்லையைத் தாண்டி அயலார் நிலத்தில் விழுந்தால், அவர் அனுமதி இல்லாதவரை, அது குற்றம். மரப்பலகை வேலியை நம்பாமல், மண்மேடோ மணல் நிரப்பிய பெட்டியோ பின்னால் இருக்கும் திசையில் மட்டுமே சுட வேண்டும். அப்படி ஓரிடம் தோட்டத்தில் இல்லையென்றால் இந்தத் துப்பாக்கியை வாங்கவே வேண்டாம். சிவப்பு அணிலுக்கு முழுப் பாதுகாப்பு உண்டு. புறா முதலிய காட்டுப் பறவைகளையும், அரசு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடும் பொது உரிமத்தின் நிபந்தனைகள் பொருந்தாமல், சுடக் கூடாது.

வாங்குபவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கடைக்காரர் நேரில்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் கடைக்கே போய்த் தோளில் வைத்துப் பார்த்து வாங்கலாம். அப்போதே உருண்டைத் தலை கொண்ட ரவைகளில் 4.51, 4.52 மி.மீ. தலையளவுகளில் ஒவ்வொரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது மற்றொன்றுக்குப் பிடிக்காது. 25 மீட்டரில் தாளில் சுட்டு, ஓட்டைகள் எதில் நெருங்கி விழுகின்றனவோ அதையே தொடர்ந்து வாங்குங்கள்.