செருப்பு ஷீட்ல ரெண்டு கதாயுதம்: 10 எம்.எம் ஈ.வி.ஏ ஃபோம் வாங்கலாமா?

எங்க நாடகக் குழுவுல ப்ராப்பர்ட்டி பொறுப்பு என் தலையில. இந்த தடவை பீமன் துரியோதனன் சண்டை, ரெண்டு கதாயுதம் வேணும், பாக்க இரும்பு மாதிரி இருக்கணும் ஆனா பட்டா வலிக்கக் கூடாது, பட்ஜெட் எவ்ளோன்னு கேட்டா டைரக்டர் சிரிக்கிறாரு. தெருக்கூத்துக்காரங்க கிரீடம் புஜகீர்த்தி எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செய்வாங்க, வெயிட்டே தெரியாது, ஆனா செதுக்குற கை நமக்கு ஏது.

மொதல்ல தெர்மாகோல்ல ட்ரை பண்ணேன். உருண்டை சூப்பரா வந்துச்சு, ஒட்டலாம்னு ரப்பர் சொல்யூஷன் தடவுனேன் பாருங்க, கொஞ்ச நேரத்துல பணியாரக் குழி மாதிரி கரைஞ்சு உள்ள போயிடுச்சு. ஸ்ப்ரே பெயின்ட் அடிச்சாலும் இதே கதிதான், தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க.

அப்புறம்தான் இந்த ஈ.வி.ஏ ஷீட், செருப்புக்குப் போடுற மெத்துன்னு இருக்குற ஃபோம். சென்னை பாரிஸ் கார்னர்ல நாலு கடைல ஈ.வி.ஏ ஃபோம்னு கேட்டு முழிச்சாங்க, அஞ்சாவது கடை அண்ணன் "செருப்பு ஷீட்டா தம்பி, அப்படி கேளு"ன்னு எடுத்துப் போட்டாரு. 6க்கு 3 அடி, 650 ரூபா.

வெட்டறதுக்கு முன்னாடி அட்டைப்பெட்டில ஒரு மாடல் செஞ்சு பாத்தது நல்லதாப் போச்சு. அரை அடி உருண்டை, கையில புடிச்சா கம்பீரமா இருந்துச்சு, ஹாலோட கடைசி வரிசைல போய் நின்னு பாத்தா பருப்பு மத்து. விராட பர்வம்னா பீமன் சமையக்காரன், ஓகேன்னு விட்டிருப்பேன். ஒரு அடி விட்டம்னு மாத்தினோம். சுற்றளவு 96 செ.மீ வருது, 8 இதழாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் நடுவுல 12 அகலம், 48 நீளம், ரெண்டு முனையும் கூரா. ஆரஞ்சு சுளை மாதிரி ஒட்டினா தானா உருண்டை ஆயிடும்.

ஷீட்டுக்கு நான் முழு மார்க் குடுப்பேன். புது ப்ளேடு போட்டா வெண்ணெய் மாதிரி வெட்டுது, ப்ளேடு மழுங்கிட்டா மட்டும் ஓரம் பிஞ்சு பிஞ்சு வரும், அதனால பிளேடுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஹீட் கன் (சூடான காத்து அடிக்கிற மெஷின்) காட்டினா மேல இருக்குற பொடி ஓட்டை எல்லாம் மூடி லேசா பளபளன்னு ஆகும், அந்த நிமிஷம் நிறுத்திடணும், இன்னும் காட்டினா கொப்பளிச்சுடும் (ஒரு இதழ் போச்சு). மொட்டை மாடில வச்சுப் பண்ணுங்க, நாத்தம் தாங்காது.

குறைன்னா கடைல ஷீட்டோட சேத்து தலையில கட்டின டப்பா பசை. ரெண்டாவது ரிகர்சல்ல துரியோதனன் கதை தாமரை மாதிரி விரிஞ்சுடுச்சு. நல்ல ரப்பர் சொல்யூஷனா தனியா வாங்கி, ரெண்டு பக்கமும் தடவி, கைல ஒட்டாத அளவுக்கு காயவிட்டு அழுத்துங்க. ஒட்டின அப்புறம் நகர்த்த முடியாது, அதனால பாத்து வைங்க.

இன்னொரு பிரச்சனை கைதவறி விழுந்தப்பதான் தெரிஞ்சுது. நூறு யானை பலம்னு டயலாக் பேசின கதை பந்து மாதிரி மூணு தடவை குதிச்சுது, ரிகர்சல் ஹாலே சிரிச்சுது. உருண்டைக்குள்ள கால் கிலோ மணலை துணில தளர்வா முடிஞ்சு போட்டேன், இப்ப விழுந்தா தொப்புன்னு கெடக்குது, தூக்கும்போது கையும் தானா தொய்யுது, நடிக்கவே வேணாம். ஆனா அந்த வெயிட் வந்ததுக்கப்புறம் அடி உடம்புல விழாத மாதிரி சண்டையை மாத்திட்டோம்.

பெயின்ட்டுக்கு முன்னாடி தண்ணி கலந்த ஃபெவிகால் மூணு கோட், அப்புறம் கருப்பு, அதுமேல கோல்டு. வெறும் கோல்டு அடிச்சா லைட்ல சாக்லேட் பேப்பர் மாதிரி மின்னும், பள்ளத்துல பிரவுன் தேச்சு விடுங்க.

மிச்சத் துண்டுல துரியோதனனுக்கு ஒரு ஜோடி செருப்பும் வெட்டிக் குடுத்தாச்சு.